வீரரின் பெயர் பொறித்த டிஸ்க்குக்குக் கூடுதல் விலை தரலாமா?

கேள்வி: எங்கள் 14 வயது மகன், தட்டு போன்ற டிஸ்க்கை எறிந்து கூடைக்குள் விழச் செய்யும் டிஸ்க் கோல்ஃபை ஓராண்டாக ஆடுகிறான். ராக் ஹில்லில் நடந்த அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப் போட்டியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, முன்னணி வீரர்களின் பெயர் பொறித்த டிஸ்க்குகள்தான் வேண்டும் என்கிறான். சாதாரண டிஸ்க் 10 டாலருக்குக் கிடைக்கும்போது இவற்றின் விலை 20 டாலரைத் தாண்டுகிறது. வீரர்களோ அடிக்கடி நிறுவனம் மாறுகிறார்கள். மாறிய பிறகு புதிய நிறுவனத்தின் டிஸ்க்கையே புகழ்கிறார்கள். இவர்களை நம்பி வாங்கலாமா?
– ஒரு வாசகர், சார்லட், வட கரோலினா

பதில்: அடுத்த முறை கடைக்குப் போகும்போது, உங்கள் மகன் காட்டும் டிஸ்க்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். மேற்பக்கத்தில் மினுமினுக்கும் அச்சில் வீரரின் பெயரும் ஏதேனும் ஒரு படமும் இருக்கும். அடிப்பக்கத்தில் நிறுவனத்தின் பெயரும், பல டிஸ்க்குகளில் மோல்டின் (அதாவது டிஸ்க்கின் வடிவ மாதிரியின்) பெயரும் பிளாஸ்டிக்கிலேயே புடைத்திருக்கும். எடை எத்தனை கிராம் என்பது பேனாவால் எழுதப்பட்டோ சிறு சீட்டாக ஒட்டப்பட்டோ இருக்கும். டிஸ்க் எப்படிப் பறக்கும் என்பதைத் தீர்மானிப்பவை மோல்டு, எடை, பிளாஸ்டிக்கின் வகை ஆகிய மூன்றும்தான். மேலே உள்ள பெயரிலிருந்து, அந்த வீரருடன் ஒப்பந்தம் வைத்திருப்பவர் யார் என்பது மட்டுமே தெரியும்.

இதற்குப் பால் மெக்பெத்தைவிடத் தெளிவான சான்று கிடையாது. அவர் 2012 முதல் 2015 வரை தொடர்ந்து நான்கு முறை உலக சாம்பியனானார். அப்போது அவர் எறிந்தவை இன்னோவாவின் டிஸ்க்குகள். 2019 தொடக்கத்தில் போட்டி நிறுவனமான டிஸ்கிராஃப்டுக்கு மாறினார். அதே ஆண்டு பியோரியாவிலும், பின்னர் 2022இல் எம்போரியாவிலும் மறுபடி உலகப் பட்டம் வென்றார். பையில் இருந்த மோல்டுகளும் பிளாஸ்டிக்கும் முழுவதுமாக மாறின. எறிந்த கை மாறவில்லை. 2016, 2017 ஆண்டுகளின் உலக சாம்பியன் ரிக்கி வைசாக்கியும் லாடிட்யூட் 64, இன்னோவா, டைனமிக் டிஸ்க்ஸ் என்று அடுத்தடுத்து மாறியவர். எங்கே போனாலும் முன்னணியிலேயே இருந்தார்.

இவ்வளவு பணத்தை நிறுவனங்கள் ஏன் கொட்டுகின்றன என்ற கேள்வி இயல்பாகவே எழும். 2021இல் டிஸ்கிராஃப்ட், மெக்பெத்துடன் 10 ஆண்டுகளுக்கு 1 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தத்தை அறிவித்தது. இந்த விளையாட்டைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் தாங்களும் ஆடுகிறவர்கள். ஆகவே பார்வையாளர் ஒவ்வொருவரும் வாடிக்கையாளரே. ஒருவர் பையில் பத்துப் பதினைந்து டிஸ்க் இருப்பது சாதாரணம். குளத்தில் விழுந்தும் புதரில் மறைந்தும் போவதால் மறுபடி மறுபடி வாங்க வேண்டியிருக்கிறது. அதோடு, ஒரு நிறுவனத்தின் டிஸ்க்குக்கும் இன்னொன்றின் டிஸ்க்குக்கும் உள்ள வேறுபாடு புதியவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அப்படிப்பட்ட பொருளை அடையாளம் காட்ட, தெரிந்த ஒருவரின் பெயர் தேவைப்படுகிறது. வீரர்கள் பக்கத்திலும், பரிசுத் தொகையை மட்டும் நம்பி ஊர் ஊராகப் போய் ஆடுவது மிகச் சிலருக்கே கட்டுப்படியாகும். ஆண்டுத் தொகை, வெற்றிக்கான ஊக்கத்தொகை, தம் பெயரில் விற்கும் டிஸ்க்குகளில் ஒரு பங்கு ஆகியவைதான் பலரையும் தாங்குகின்றன. அதற்கு ஈடாகப் போட்டியில் அந்த நிறுவனத்தின் டிஸ்க்குகளையே எறிய வேண்டும் என்பது இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமான நிபந்தனை.

வாங்குபவர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இந்த நிபந்தனையைத்தான். தம் பையில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி ஒரு வீரர் காணொளி வெளியிடும்போது, அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது ஒரே நிறுவனத்தின் அலமாரியிலிருந்து. பக்கத்து அலமாரியைப் பற்றிப் பேசும் உரிமை அவருக்கு இல்லை. ஆகவே அந்த நிறுவனத்தின் மிட்ரேஞ்ச் (நடுத்தரத் தொலைவுக்கான) டிஸ்க்குகளுக்குள் எது நல்லது என்று அறிய அவர் சொல்வது மிகவும் பயன்படும். எந்த நிறுவனத்தின் டிஸ்க்கை வாங்குவது என்பதற்குப் பயன்படாது.

வீரரின் பெயரோடு விற்பவற்றிலும் இரண்டு வகை உண்டு. டிஸ்கிராஃப்டின் லூனா, மெக்பெத்தின் பெயரில் வந்த வரிசையைச் சேர்ந்த தனி மோல்டு. அது வேண்டுமென்றால் அதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் அதே நிறுவனத்தின் பஸ் (Buzzz) என்ற மோல்டு, எந்த வீரரின் பெயரோடு வந்தாலும் பஸ்தான். அதே பிளாஸ்டிக், அதே எடை என்றால், பெயர் இல்லாத பஸ்ஸும் பெயர் உள்ள பஸ்ஸும் மரத்தில் மோதும்வரை ஒன்றுபோலவே பறக்கும். சில பதிப்புகளில் பிளாஸ்டிக் கலவை வேறாக இருப்பதுண்டு. அப்படியானால் அதைப் பெட்டியிலோ விற்பனைப் பக்கத்திலோ தெளிவாகச் சொல்லியிருப்பார்கள். சொல்லவில்லையென்றால், நீங்கள் தரும் கூடுதல் தொகை பெயருக்கானது.

அந்தத் தொகை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அதில் ஒரு பகுதி வீரரின் பயணச் செலவுக்குப் போகிறது. ஓர் ஆட்டக்காரரை நேசித்து அவருக்காக ஐந்தாறு டாலர் கூடுதலாகக் கொடுப்பது நல்ல செலவு என்றே கருதுகிறேன். ஆனால் பெரிய ஒப்பந்தம் கையில் உள்ள சாம்பியனுக்கு அந்தத் தொகை ஒரு பொருட்டே அல்ல. பெண்கள் பிரிவில் ஆடுகிறவர்களுக்கும் தரவரிசையில் நடுவில் இருப்பவர்களுக்கும் அது அடுத்த ஊருக்குப் போவதற்கான பெட்ரோல். உங்கள் மகனிடம் இதை விளக்கி, ஒரே ஒரு பெயர் பொறித்த டிஸ்க்கை அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மீதியைப் பெயரில்லாமல் வாங்குங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்துக் கடைகளில் அச்சிலோ நிறத்திலோ சிறு குறையுள்ள டிஸ்க்குகளும் இருக்கும். இன்னோவா இவற்றை ‘எஃப்2’ என்று குறித்து விலை குறைத்து விற்கிறது. பயிற்சிக்கு அவை தாராளமாகப் போதும்.

கேள்வி: விளம்பரத்தில் காட்டும் வேக எண் 12 உள்ள டிரைவரை (நெடுந்தொலைவு எறிவதற்கான டிஸ்க்கை) வாங்கினேன். நான் எறிந்தால் சிறிது தூரம் போய் இடப்பக்கம் சரிந்து விழுகிறது. டிஸ்க் கோல்ஃபுக்கு விதி வகுக்கும் அமைப்பான பி.டி.ஜி.ஏ.வின் அங்கீகாரம் பெற்றது என்றும் எழுதியிருக்கிறது. டிஸ்க்கில் குறையா?
– ஒரு வாசகர், ஆஸ்டின், டெக்சாஸ்

பதில்: குறை இல்லை, விளம்பரம் உங்களுக்காக எடுக்கப்பட்டது அல்ல என்பதுதான் காரணம். டிஸ்க்கின் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு எண்களும் வேகம், மிதப்பு, தொடக்கத்தில் திரும்பும் அளவு, முடிவில் சரியும் அளவு ஆகியவற்றைக் குறிக்கின்றன. இன்னோவாவின் டெஸ்ட்ராயருக்கு இவை 12, 5, –1, 3. முதல் எண், டிஸ்க் அதன் வடிவமைப்புப்படி பறக்க எவ்வளவு வேகத்தில் எறிய வேண்டும் என்பதைக் காட்டுகிறது. வாங்கியவுடன் தானாகக் கிடைக்கும் வேகம் அல்ல. தொழில்முறை வீரரின் கை தரும் வேகம் இல்லாதபோது, திரும்பும் கட்டம் நிகழாமலே சரியும் கட்டம் தொடங்கிவிடுகிறது. வலக்கையால் பின்கை வீச்சில் எறிகிறவருக்கு அது இடப்பக்கமாக விழும்.

இந்த எண்களை எந்தப் பொது அமைப்பும் அளந்து தருவதில்லை. அந்தந்த நிறுவனமே போட்டுக்கொள்கிறது. எனவே ஒரு நிறுவனத்தின் 9 இன்னொன்றின் 9க்குச் சமம் என்று கொள்ள முடியாது. பி.டி.ஜி.ஏ. அங்கீகாரமும் தரச் சான்று அல்ல. விட்டம் குறைந்தது 21 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், எடை விட்டத்தின் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராமைத் தாண்டக் கூடாது என்பன போன்ற விதிகளுக்கு அந்த மோல்டு உட்பட்டது, ஆகவே போட்டியில் எறியலாம் என்பதே அதன் பொருள்.

அந்த டிரைவரை ஓராண்டு எடுத்து வையுங்கள். வேக எண் 6 உள்ள லெப்பர்டு, 5 உள்ள பஸ், கூடைக்கு அருகிலிருந்து எறிய 2 உள்ள ஏவியார், அல்லது மற்ற நிறுவனங்களில் இவற்றுக்கு நெருக்கமானவை என மூன்றே போதும். ஏவியாரை மலிவான பிளாஸ்டிக்கிலேயே வாங்குங்கள். பிடிமானம் அதில் நன்றாக இருக்கும். மரங்களில் அதிகம் மோதக்கூடிய லெப்பர்டுக்கு மட்டும் சற்று விலை கூடிய, உறுதியான பிளாஸ்டிக் தகும்.

கேள்வி: 2021 உலகப் போட்டியில் ஜேம்ஸ் கான்ராட் எறிந்த டிஸ்க்கின் நினைவுப் பதிப்பை ஒருவர் நல்ல விலை சொல்லி விற்கிறார். முதலீடாக வாங்கி வைக்கலாமா?
– ஒரு வாசகி, சான் ஹோசே, கலிஃபோர்னியா

பதில்: வேண்டாம். ஆக்டனில் கடைசிக் குழியில் 247 அடி தொலைவிலிருந்து அவர் எறிந்து நேரே கூடைக்குள் விழுந்த அந்த வீச்சு, மெக்பெத்தைச் சமன் செய்து, கூடுதல் ஆட்டத்தில் பட்டத்தையும் பெற்றுத் தந்தது. எத்தனை முறை பார்த்தாலும் சிலிர்க்க வைப்பது. எறிந்தது என்வி; எம்.வி.பி. நிறுவனம் ஆக்சியம் என்ற பெயரில் விற்கும் மோல்டு, இன்றும் சாதாரண விலைக்குக் கிடைக்கிறது. நினைவுப் பதிப்பு எத்தனை அச்சிடுவது, மறுபடி எப்போது அச்சிடுவது என்பதெல்லாம் நிறுவனத்தின் கையில் இருக்கும்போது, அது கிடைப்பதற்கு அரியது என்று நம்பிப் பணம் போடுவது சரியல்ல. பிடித்திருந்தால் வாங்கிச் சுவரில் மாட்டுங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளைத் தங்கள் ‘அணியில்’ சேர ஒரு சிறு டிஸ்க் நிறுவனம் அழைக்கிறது. தொடக்கத் தொகுப்பு ஒன்றை அவளே விலை கொடுத்து வாங்க வேண்டுமாம்; பிறகு 30 சதவீதத் தள்ளுபடி, தோழிகளுக்குக் கொடுக்க ஒரு தள்ளுபடிக் குறியீடு. இது ஸ்பான்சர்ஷிப்தானா?
– ஒரு வாசகர், டாலஸ், டெக்சாஸ்

பதில்: பெயர் அதுதான், ஆனால் பணம் போகும் திசை வேறு. மெக்பெத்துக்கு நிறுவனம் பணம் தருகிறது. இங்கே உங்கள் மகள் நிறுவனத்துக்குத் தருகிறாள். இதைத் தள்ளுபடிச் சங்கமாகக் கருதிக் கணக்குப் பாருங்கள்: அவள் ஓராண்டில் எத்தனை டிஸ்க் வாங்குவாள், அதில் கிடைக்கும் தள்ளுபடி தொடக்கத் தொகுப்பின் விலையை ஈடுகட்டுமா? பெரும்பாலும் கட்டாது. வேறு நிறுவனத்தின் டிஸ்க்கை எறியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் மறுத்துவிடச் சொல்லுங்கள். கற்கும் பருவத்தில் பல மோல்டுகளையும் எறிந்து பார்க்கும் சுதந்திரம் எந்தத் தள்ளுபடியையும்விடப் பெரிது. மாதத்துக்கு இத்தனை பதிவு போட வேண்டும் என்றிருந்தால், அது ஊதியமில்லாத விளம்பர வேலை.

சேர்ந்தே தீருவாள் என்றால், ஒன்றை அவள் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023இல் திருத்திய பரிந்துரை விளம்பர நெறிகளின்படி, இலவசப் பொருளோ தள்ளுபடியோ பெற்று ஒரு பொருளைப் பரிந்துரைக்கிறவர், அந்தத் தொடர்பைப் பார்ப்பவர் கண்ணில் தவறாமல் படும்படி தெரிவிக்க வேண்டும். பதிவின் கடைசியில், விரித்தால் மட்டுமே தெரியும் இடத்தில் போடுவது போதாது. குறியீட்டைப் பகிரும் ஒவ்வொரு பதிவிலும், முதல் வரியிலேயே, இந்த நிறுவனத்திடம் தள்ளுபடி பெறுகிறேன் என்று எழுதட்டும்.