வேரா முதாஃப்சியேவா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: யார் இவர்? எந்த நாவலில் தொடங்கலாம்?

பதில்: 1929இல் சோஃபியாவில் பிறந்து 2009இல் மறைந்த பல்கேரிய எழுத்தாளர். தந்தை பீட்டர் முதாஃப்சியேவ் பெயர்பெற்ற வரலாற்றாசிரியர். மகளும் அதே துறைக்குப் போய், துருக்கிய சுல்தான்களின் ஒட்டோமன் பேரரசில் நில உறவுகள் எப்படி இருந்தன என்று ஆராய்ந்தார். 'ஜெமின் வழக்கு' (1967) நாவலில் தொடங்குங்கள்.

கேள்வி: அதில் அப்படி என்ன விசேஷம்?

பதில்: 1481இல் ஒட்டோமன் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் இறந்ததும் மகன்கள் பாயசீதும் ஜெமும் அரியணைக்கு மோதினார்கள். தோற்ற ஜெம், மறு ஆண்டு ரோட்ஸ் தீவின் கிறிஸ்தவ வீரத் துறவிகளிடம் அடைக்கலம் கேட்டுப் போனார். அவர்களுக்கோ அதிர்ஷ்டம் கப்பலேறி வந்ததுபோல் ஆயிற்று. தம்பியை வெளியே விடாமல் வைத்திருக்க ஆண்டுக்குச் சுமார் 40,000 டுகாட் பொற்காசு கொடுத்தார் பாயசீத். பிரான்சில் கோட்டை கோட்டையாக மாற்றி அடைத்துவைத்தார்கள். 1489இல் கைதி போப்பின் கைக்கு மாறினார். அதே ஆண்டு ரோட்ஸ் துறவிகளின் தலைவர் தோபுசோனுக்குக் கார்டினல் பதவி கிடைத்தது. 1495இல் நேப்பிள்ஸில் ஜெம் இறந்தார்.

இதை வேரா நேர்க்கோட்டில் சொல்லவில்லை. இறந்துபோனவர்கள் நம் காலத்து நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொல்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம், அடுத்தவர் தலையில் பழி. ஜெம் மட்டும் சாட்சிக் கூண்டில் ஏறவேயில்லை. வழக்கே அவரைப் பற்றியது, அவருக்குத்தான் வாயில்லை. நாவலின் உயிர் அதில் இருக்கிறது.

கேள்வி: ஜெம் நிஜ மனிதரா?

பதில்: நிஜம். பணமும் நிஜம். சாட்சிகளின் பேச்சு கற்பனை. நாவலை ஆதாரமாகக் காட்டிக் கட்டுரை எழுதாதீர்கள்.

கேள்வி: அவருடைய இன்னொரு நாவல் 'குழப்பக் காலத்தின் வரலாற்றேடு' எப்படி?

பதில்: 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், சுல்தானை எதிர்த்து, இன்றைய பல்கேரியாவிலுள்ள விதின் நகரை ஆண்ட ஒட்டோமன் தலைவர் பஸ்வந்தோக்லு காலத்துக் கதை. அதே காலத்தைப் பற்றி 1977இல் ஆய்வு நூலும் எழுதினார். வரலாறு வேண்டுமானால் அதைப் படியுங்கள். மேலே சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

கேள்வி: கம்யூனிஸ்ட் பல்கேரியாவின் ரகசியப் போலீசான அரசுப் பாதுகாப்புத் துறைக்கு உளவு சொன்னவரை எதற்குக் கொண்டாடுகிறீர்கள்?

பதில்: அந்தத் துறையின் பழைய கோப்புகளைத் திறந்து ஆராயும் கோப்பு ஆணையம் 2008இல் அப்படி அறிவித்தது உண்மை. மறைக்கவில்லை. ஒரு மனிதனை விற்றுவிட்டு அதற்கு உயர்ந்த காரணம் சொல்பவர்களை எழுதியவரும் அவரே. கோப்பைத் தெரிந்துகொண்டு படித்தால் நாவல் இன்னும் கசக்கும், அப்படித்தான் படிக்கவேண்டும்.

கேள்வி: இது சப்பைக்கட்டு.

பதில்: சரி, எழுத்தைக் கொண்டே குற்றம் சாட்டுங்கள், நானே எடுத்துத் தருகிறேன். பல்கேரிய அரசின் 1300ஆம் ஆண்டு விழாவுக்காக வந்த 'கான் அஸ்பாருஹ்' (1981) படத்தின் திரைக்கதையில் அவர் பங்கு உண்டு. அரசு செலவில் அரசின் பெருமை. 'ஜெமின் வழக்கு' நாவலில் எந்த அரசுக்கும் பெருமை இல்லை: சுல்தானும் போப்பும் ஒரே சரக்குக்குப் பேரம் பேசுகிறார்கள். இரண்டையும் எழுதியது ஒரே கை. எனக்கும் அது உறுத்துகிறது, ஆனாலும் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுக்கமாட்டேன்.

கேள்வி: அப்படியானால் மன்னித்துவிட்டீர்களா?

பதில்: மன்னிக்கும் உரிமை, யாரைப் பற்றி உளவு சொல்லப்பட்டதோ அவர்களுக்கு. அடுத்த கேள்வி.

கேள்வி: ஜெம் உண்மையில் இருந்தாரா?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: ஆங்கிலத்தில் கிடைக்குமா? பிடிஎஃப் இருந்தால் அனுப்புங்கள்.

பதில்: 'ஜெமின் வழக்கு' நாவலின் ஏஞ்சலா ரோடல் மொழிபெயர்ப்பு 2024இல் வந்தது. விலை கொடுத்து வாங்குங்கள்.