எந்த கிரே?

கேள்வி: ஹாலுக்கு கிரே பெயின்ட் என்று முடிவாகிவிட்டது. மூன்று ஷேடு எடுத்து வைத்திருக்கிறோம். கார்டில் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஜன்னல் வடக்குப் பார்த்தது, தரை ரெட் ஆக்சைடு. எதை அடிக்கலாம்?
– வாசகி, காரைக்குடி

பதில்: மூன்று கார்டையும் வெள்ளைத் தாள் மேல் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் நீலம், ஒன்றில் பழுப்பு, ஒன்றில் லேசாகக் கத்தரிப்பூ நிறம் எட்டிப் பார்க்கலாம். வடக்கு ஜன்னலில் நேர் வெயில் குறைவு, வானத்து நீல வெளிச்சம்தான் அதிகம். நீலச் சாயல் கிரே அங்கே ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிடும். கத்தரிப்பூவும் வேண்டாம், சிவப்புத் தரையின் சாயை சுவரின் கீழ்ப்பகுதியில் ஏறி அதை இன்னும் தூக்கிக் காட்டும். என் ஓட்டு பழுப்புக்கு.

அப்புறம், கடையில் எல்.ஆர்.வி. எண்ணைக் கேளுங்கள், நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதன் அளவு அது. 0 கறுப்பு, 100 வெள்ளை. இந்த ஹாலுக்கு 60-க்குக் கீழே நான் இறங்கமாட்டேன்.

சாம்பிளைப் பழைய சுவரில் அடிக்காதீர்கள், பக்கத்து நிறம் கண்ணை ஏமாற்றும். பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, காய்ந்ததும் தரையை ஒட்டி நிறுத்துங்கள். ராத்திரி லைட் போட்டும் பாருங்கள். 6500 கெல்வின், அதாவது நீலச் சாயல் வெள்ளை டியூப்லைட் என்றால் பழுப்புகூட வெளிறித் தெரியும். லைட்டை மாற்றும் யோசனை இருந்தால் அதை முதலில் முடியுங்கள், பெயின்ட் அப்புறம்.