அப்பாவின் மூச்சுத் தசை பலவீனம்: முதலில் அளந்து பாருங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எடை 52 கிலோ. ஓராண்டாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சளி கட்டினால் இருமி வெளியே கொண்டுவர முடியவில்லை. சென்ற மழைக்காலத்தில் நிமோனியா வந்து ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தார். ஈ.சி.ஜி., எக்கோ, மார்பு எக்ஸ்ரே எல்லாம் சரியாக இருக்கின்றன. ‘வயதாகிவிட்டது, மூச்சுத் தசை பலவீனம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படி ஒரு நோய் உண்டா? எதை வைத்து உறுதி செய்வார்கள்? அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வாங்கிய மூன்று பந்துக் கருவி வீட்டில் இருக்கிறது. அப்பா அதை ஊதினால் போதுமா? (தூத்துக்குடி வாசகி)

பதில்: உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சூட்டுவதற்கு முன்னால் இரண்டு வேலைகள் முடிந்திருக்க வேண்டும். மூச்சுத் தசையின் விசையை அளந்து ஓர் எண் கையில் இருக்க வேண்டும். அந்தத் தசையைப் பலவீனப்படுத்தும் வேறு நோய்கள் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அப்பாவுக்கு இரண்டும் நடக்கவில்லை. எக்கோ இதயத்தைப் பற்றிச் சொல்லும். எக்ஸ்ரே நுரையீரலைப் பற்றிச் சொல்லும். காற்றை உள்ளே இழுக்கும் தசைக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்பதை இரண்டாலும் சொல்ல முடியாது.

ஓய்வாக இருக்கும்போது மூச்சை உள்ளிழுக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது உதரவிதானம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல விரிந்திருக்கும் தசை அது. விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகளும் கழுத்துத் தசைகளும் அதற்குத் துணை நிற்கின்றன. இருமுவதற்கும் காற்றை வேகமாக வெளியே தள்ளுவதற்கும் வயிற்றுத் தசைகள் வேண்டும். வயதாகும்போது இந்தத் தசைகளின் வலு குறைவது ஒருபுறம் இருக்க, அவற்றின் வேலையும் கடினமாகிறது. விலா எலும்புகளை நடு எலும்போடு இணைக்கும் குருத்தெலும்பில் சுண்ணாம்புச் சத்து படிகிறது, முதுகு கூனுகிறது, மார்புக்கூடு இறுகுகிறது. நுரையீரலின் மீள்தன்மை குறைவதால் மூச்சை முழுவதும் விட்ட பிறகும் உள்ளே அதிகக் காற்று தங்கிவிடுகிறது. அந்தக் காற்று உதரவிதானத்தைக் கீழே அழுத்தித் தட்டையாக்குகிறது. ஏற்கெனவே தட்டையான தசை மேற்கொண்டு சுருங்க அதிக இடமில்லை. ஆக, வலுக் குறைந்த தசை முன்பைவிட இறுகிய கூட்டை அசைக்க வேண்டியிருக்கிறது.

வேறு நோய் எதுவும் இல்லாத முதியவர்களை அளந்து பார்த்த ஆய்வுகளில்கூட, உதரவிதானத்தின் விசை இளைஞர்களைவிட 13 முதல் 25 விழுக்காடு குறைவாக இருந்தது. 65 முதல் 85 வயது வரை, மூச்சை உள்ளிழுக்கும் உச்ச அழுத்தம் ஆண்டுக்கு 0.8 முதல் 2.7 செ.மீ. நீர் அழுத்தம் (மூச்சின் அழுத்தத்தை அளக்கும் அலகு இது) வரை குறைகிறது. நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பவருக்கு இந்த இழப்பு தெரியவே தெரியாது. அமைதியான மூச்சுக்கு அந்த விசையில் ஒரு சிறு பங்கு போதும். படி ஏறும்போதும், காய்ச்சலில் படுக்கும்போதும், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும், சளியை இருமித் தள்ள வேண்டிய நேரத்திலும்தான் கையிருப்பு போதாமல் போகிறது.

அப்படியானால் இயல்பான முதுமைக்கும் நோய்க்கும் நடுவே கோட்டை எங்கே போடுவது? வயதோடு உடல் தசை கரைவதற்கு ‘சார்கோபீனியா’ என்ற பெயரை இர்வின் ரோசன்பெர்க் முன்மொழிந்தது 1980களின் இறுதியில். கை, கால் தசைகளைப் பற்றி அதன் பிறகு நிறைய பேசினார்கள். மூச்சுத் தசைக்கு அந்தக் கவனம் தாமதமாகவே கிடைத்தது. 2023இல் ஜப்பானின் நான்கு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து ஒரு நிலைப்பாட்டை வெளியிட்டன. மூச்சுத் தசையின் விசையும் குறைந்து, அதன் பருமனும் குறைந்திருந்தால் அது ‘சுவாசச் சார்கோபீனியா’. பருமனை அளக்க வழியில்லாவிட்டால், மூச்சுத் தசை விசைக் குறைவோடு கை கால் தசைக் குறைவும் சேர்ந்திருப்பதை வைத்து ‘இருக்கக்கூடும்’ என்ற நிலையில் வைக்கலாம்.

இதில் விசையைத்தான் நான் முதலில் கேட்பேன். உதரவிதானத்தின் தடிமனை அல்ட்ராசவுண்டில் பார்க்க முடியும். ஆனால் நலமாக இருப்பவர்களிடம் அந்தத் தடிமன் வயதோடு பெரிதாக மாறுவதில்லை. தடிமன் சரியாக இருக்கிறது என்பதற்காக விசையும் சரி என்று சொல்லிவிட முடியாது.

விசையை அளக்கும் சோதனை எளியது. மூக்கைக் கிளிப்பால் அடைத்து, மூச்சை முழுவதும் வெளியே விடச் சொல்வார்கள். பிறகு, அடைக்கப்பட்ட ஒரு குழாயை வாயில் வைத்து முழு பலத்தோடு உள்ளிழுக்க வேண்டும். குறைந்தது ஒரு விநாடிக்கு மேல் அந்த இழுப்பு நிற்க வேண்டும். பலமுறை செய்யவைத்து, அதில் சிறந்ததை எடுத்துக்கொள்வார்கள். மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு வெளியே ஊதினால் வெளிமூச்சுத் தசையின் அளவு கிடைக்கும். இந்தச் சோதனையின் முடிவை ஒரு பக்கமாக மட்டுமே நம்பலாம். ஆணுக்கு 80, பெண்ணுக்கு 70 செ.மீ. நீர் அழுத்தத்துக்கு மேல் வந்தால், கவலைப்பட வேண்டிய பலவீனம் இல்லை என்று சொல்லிவிடலாம். அதற்குக் கீழே வந்தால் பலவீனம் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. உதட்டோரம் காற்று கசிந்திருக்கலாம், செய்முறை புரியாமல் இருந்திருக்கலாம், களைத்திருக்கலாம். பல்செட் நன்றாகப் பொருந்துமானால் அதை அணிந்தே செய்யட்டும். எண் குறைவாக வந்தால் வேறொரு நாள் திரும்பச் செய்ய வேண்டும். மூக்கால் வேகமாக உறிஞ்சும்போது அழுத்தத்தை அளக்கும் சோதனையையும் சேர்த்துக்கொள்ளலாம். கிடைத்த எண்ணை அவருடைய வயது, உடல்வாகு, பாலினத்துக்கு எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிட வேண்டும். 25 வயது இளைஞரின் அளவோடு ஒப்பிட்டால் 76 வயதுக்காரர் எல்லோரும் நோயாளிதான்.

இந்தக் கருவி எல்லா ஊரிலும் இருக்காது. நுரையீரல் சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைகளில் விசாரியுங்கள். கிடைக்காவிட்டாலும், ஊதச் செய்து மூச்சுக் கொள்ளளவை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையை உட்கார்ந்த நிலையில் ஒருமுறை, மல்லாந்து படுத்த நிலையில் ஒருமுறை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். படுத்ததும் மூச்சுக் கொள்ளளவு சிறிதளவு குறைவது எல்லோருக்கும் உண்டு. 25, 30 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தால் உதரவிதானத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த அளவு சரிவை வயதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

ஏனென்றால் மயஸ்தீனியா கிராவிஸ் (நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய்), நரம்புச் சிதைவு நோய்கள், உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பின் பாதிப்பு, தைராய்டு கோளாறு, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை என்று இதே தசையைப் பலவீனமாக்கும் காரணங்கள் பல இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு நல்ல மருந்து உண்டு. முதியவருக்கு ‘வயது’ என்று சொல்லி அந்த மருந்தைக் கிடைக்காமல் செய்வது எனக்குப் பொறுக்க முடியாத விஷயம். அப்பாவுக்கு மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா? படுத்து மூச்சை இழுக்கும்போது வயிறு மேலே எழாமல் உள்ளே ஒடுங்குகிறதா? மாலையில் இமை தொங்குகிறதா, பேசப் பேசக் குரல் மூக்கால் வருகிறதா, விழுங்கும்போது புரையேறுகிறதா? காலையில் தலைவலியும் பகலில் தூக்கக் கலக்கமும் இருக்கின்றனவா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தாலும் நரம்பியல் நிபுணரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், நிபுணரைத் தேடிக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள். இவற்றோடு ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவையும் பாருங்கள். முதியவர்களின் படியேற்ற மூச்சிரைப்புக்கு ரத்தசோகை மிகச் சாதாரணமான காரணம். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

படியேறும் இரைப்பைவிட உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது இருமல்தான். ஒரு நல்ல இருமலுக்கு ஆழமாக மூச்சை இழுக்க வேண்டும், குரல்வளை இறுக மூட வேண்டும், வயிற்றுத் தசை உள்ளே அழுத்தத்தை ஏற்ற வேண்டும், பிறகு குரல்வளை சட்டென்று திறக்க வேண்டும். இழுக்கும் தசையும் தள்ளும் தசையும் தளர்ந்தால் சளி உள்ளேயே தங்கி நிமோனியாவுக்கு வழிவிடும். இருமலின் உச்ச வேகத்தை ஒரு சிறிய ஊதுமானியால் அளக்கலாம். நரம்பு, தசை நோயாளிகளிடம் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே போனால் கவனம் தேவை என்றும், 160க்குக் கீழே போனால் சளியை வெளியேற்ற இயலாது என்றும் கொள்கிறோம். முதியவர்களுக்கும் இந்த எண்கள் ஒரு வழிகாட்டி. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அப்பாவுக்கு உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, வயிற்றில் ஒரு தலையணையை அணைத்து இருமவும், தொண்டையை மூடாமல் ‘ஹா’ என்று காற்றைத் தள்ளிச் சளியை மேலே கொண்டுவரவும் கற்றுத்தரட்டும். இரவு படுக்கும் முன் பல்லும் பல்செட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். வாய்ச் சுத்தத்தைக் கவனமாகப் பேணியபோது நிமோனியா குறைந்ததை ஜப்பானிய முதியோர் இல்லங்களில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. ஃபுளூ தடுப்பூசியையும், நிமோனியா உண்டாக்கும் நியுமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான தடுப்பூசியையும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். தூக்க மாத்திரையை மட்டும் மருந்துக்கடையில் கேட்டு நீங்களாகவே வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இனி மூன்று பந்துக் கருவி. அதை ஊதக் கூடாது, உள்ளிழுக்க வேண்டும். பல வீடுகளில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. சரியாக இழுத்தாலும் அது அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நுரையீரலை விரிய வைக்கவே உருவானது. தசைக்கு அது தரும் சுமை மிகக் குறைவு. பலூன் ஊதுவதில் சுமை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பிராணாயாமம் மூச்சை நிதானப்படுத்தும், மனத்துக்கும் நல்லது, விடச் சொல்லவில்லை. ஆனால் வலு ஏற்றும் பயிற்சியின் இடத்தை அது நிரப்பாது. தசை வலுப்பெற அது எதிர்த்து இழுக்கும்படி ஒரு சுமை வேண்டும்.

அதற்கென்று உள்ள கருவியில் ஒரு ஸ்பிரிங் அடைப்பு இருக்கும். குறிப்பிட்ட அழுத்தத்தை எட்டினால்தான் அது திறந்து காற்றை விடும். அளந்து கிடைத்த உச்ச அழுத்தத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் தொடங்குவது வழக்கம். அப்பாவுக்கு 50 வந்திருந்தால் 15இல் வைப்பார்கள். ஒரு நாளைக்கு 15 முதல் 30 நிமிடம், அதையும் காலை மாலை எனப் பிரித்து, வாரத்தில் ஐந்து நாளாவது செய்ய வேண்டும். எளிதாகிவிட்டால் சுமையைக் கூட்டுவார்கள். தலைசுற்றல், நெஞ்சுவலி வந்தால் நிறுத்திவிட வேண்டும். முன்பு நுரையீரல் உறையில் காற்று புகுந்தவர்களும், நுரையீரலில் பெரிய காற்றுக் குமிழ்கள் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கருவியைத் தொடக் கூடாது. சளியை வெளியேற்றுவதே பெரிய சிக்கல் என்றால், ஊதும்போது எதிர்ப்புத் தரும் இன்னொரு வகைக் கருவியும் இருக்கிறது.

கால்களை மறந்துவிடாதீர்கள். படியேறும்போது தொடைத் தசை சீக்கிரம் களைத்தால் உடல் கூடுதல் மூச்சைக் கேட்கும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார அப்பாவுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அருகில் நின்று பாருங்கள். ஆசிய நாடுகளின் 2019ஆம் ஆண்டு வரையறைப்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் செயல்திறன் குறைவு. கைப்பிடி வலு ஆணுக்கு 28 கிலோவுக்குக் கீழே இருந்தாலும் அப்படித்தான், சார்கோபீனியாவைத் தேட வேண்டும். எழுந்து உட்காரும் அந்த அசைவையே தினசரிப் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். நடையும் வேண்டும்.

52 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 52 முதல் 62 கிராம் வரை புரதம் தேவை. காலையில் மூன்று இட்லி, மதியம் ரசம் சாதம், இரவில் இரண்டு இட்லி என்று போனால் இதில் பாதியைக்கூடத் தொட முடியாது. முட்டை ஒன்றில் 6 கிராம். ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ அதே அளவு. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 8. தூத்துக்குடியில் மீனுக்குப் பஞ்சமில்லை. 100 கிராம் மீன் 20 கிராம் புரதம் தரும். ஆட்டுக்கால் சூப்பை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், அதில் கிடைப்பது பெரும்பாலும் ஜெலட்டின். தசை கட்ட அது போதாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

எட்டு வாரம் கழித்து அதே கருவியில், அதே முறையில் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். எண் ஏறியிருந்தால் பயிற்சி வேலை செய்கிறது, தொடரலாம். ஒழுங்காகச் செய்தும் ஏறவில்லை, அல்லது இறங்கியிருக்கிறது என்றால், முதலில் சொன்ன வயதுக் காரணத்தை ஓரமாக வைத்துவிட்டு நரம்பு, தசைப் பரிசோதனைகளை மீண்டும் தொடங்க வேண்டும்.