‘விசேஷம் ஒன்றுமில்லை’

கேள்வி: ஆறு மாதமாக நாட்குறிப்பு எழுதி வருகிறேன். எழுந்தேன், சமைத்தேன், பாத்திரம் கழுவினேன், துணி துவைத்தேன், படுத்தேன். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் இதுதான். நேற்று துணி மடிக்கும்போது மகனின் சட்டை குட்டையாகிவிட்டதைப் பார்த்துத் தனியே எடுத்து வைத்தேன். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. நோட்டைப் புரட்டிய என் கணவர், “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்டார். வீட்டில் சும்மா இருப்பவளுக்கு எழுத என்னதான் இருக்கிறது? நிறுத்திவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நிறுத்த வேண்டாம். அந்தச் ‘சும்மா’வை மட்டும் நிறுத்திவிடுங்கள். எழுந்தேன், சமைத்தேன், கழுவினேன், துவைத்தேன் என்று வேலைகளை அடுக்கிவிட்டு, அதே கடிதத்தில் சும்மா இருக்கிறேன் என்று எப்படி எழுத மனம் வந்தது? உங்களைப் பற்றி அப்படிச் சொல்லிச் சொல்லி உங்கள் வாயிலும் அந்தச் சொல்லை ஏற்றிவிட்டார்கள். எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று 64 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகளை வைத்து 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஊதியமில்லாமல் செய்யப்படும் வீட்டு வேலையும் பராமரிப்பு வேலையும் நாளொன்றுக்கு 1,640 கோடி மணி நேரம் என்றது அது. 200 கோடிப் பேர் தினமும் எட்டு மணி நேரம் சம்பளம் வாங்காமல் உழைப்பதற்கு இது சமம். இதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பெண்களின் தலையில்தான் விழுகிறது. உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அவர் புரட்டிப் பார்த்த பக்கத்தில் அவருடைய சாப்பாடு இருந்தது, அவர் போட்டிருந்த துவைத்த சட்டை இருந்தது. ‘என்ன இருக்கிறது’ என்று கேட்டவருக்கு அவைகூடக் கண்ணில் படவில்லை.

உங்களைப் போலவே எழுதிய ஒரு பெண்மணியைச் சொல்கிறேன். மார்த்தா பல்லார்ட். இன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இருக்கும் ஹாலோவெல் என்ற ஊரில் மருத்துவச்சியாக இருந்தார். 1785இல், ஐம்பதை ஒட்டிய வயதில், நாட்குறிப்பு எழுதத் தொடங்கி 1812இல் இறக்கும் ஆண்டு வரை 27 வருடங்கள் எழுதினார். இன்று மழை, இன்னார் வந்தார், நூல் நூற்றோம், துணி துவைத்தேன், தோட்டத்தில் விதைத்தேன், இன்னார் வீட்டில் பிரசவம் பார்த்தேன்: பக்கம் பக்கமாக இப்படித்தான். பின்னால் வந்த சிலர் அதைப் பார்த்துவிட்டு, ‘வீட்டு வேலை பற்றிய அற்ப விஷயங்கள்’ என்று ஒதுக்கி வைத்தார்கள். உங்கள் கணவர் கேட்ட கேள்விதான் அது, வேறு ஊரில், வேறு வாயிலிருந்து.

லாரல் தாட்சர் உல்ரிச் என்ற வரலாற்றாசிரியர் அதை அப்படி ஒதுக்கவில்லை. வரி வரியாக உட்கார்ந்து எண்ணினார். மார்த்தா பார்த்த பிரசவங்கள் 816 என்று கணக்குக் கிடைத்தது. எந்த வீட்டில் எந்தப் பெண் தறியில் உட்கார்ந்தாள், எதைக் கொடுத்து எதை வாங்கினார்கள் என்பதெல்லாம் வெளியே வந்தது. ஊரின் ஆண்கள் எழுதி வைத்த கணக்குப் புத்தகங்களில் இல்லாத ஒரு முழு வாழ்க்கை அங்கே இருந்தது. 1990இல் வெளிவந்த அவருடைய நூலுக்கு மறு வருடம் புலிட்சர் பரிசு கிடைத்தது. அற்ப விஷயம் என்று தள்ளிய அதே வரிகளிலிருந்து எழுந்த நூல் அது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மார்த்தா வெறுமனே ‘பிரசவம் பார்த்தேன்’ என்று நிறுத்தவில்லை. யார் வீட்டில், எப்போது போனேன், எப்போது திரும்பினேன், என்ன கொடுத்தார்கள் என்று சேர்த்து எழுதினார். உங்களிடம் எனக்குள்ள குறை இதுதான். ‘சமைத்தேன்’ என்ற ஒற்றைச் சொல்லில் எதுவும் தங்காது. யார் முதலில் சாப்பிட வந்தது, யார் பாதியில் எழுந்து போனது, எந்தப் பாத்திரத்தின் கைப்பிடி ஆடத் தொடங்கியிருக்கிறது? அதில் ஒன்றை எழுதினால் போதும், நேற்றும் இன்றும் ஒன்றாக இருக்காது.

இதை எடுத்துச் சொல்லும் தகுதி எனக்கு வந்தது ஓர் இழப்பினால். நானும் வருடக்கணக்காக நாட்குறிப்பு எழுதியவன். பயணம், திருமணம், சண்டை எல்லாம் விரிவாக இருக்கும். மற்ற நாட்களில் ‘விசேஷம் ஒன்றுமில்லை’ என்று ஒரு வரி. தந்தை இறந்த பிறகு அவரைத் தேடி அந்த நோட்டுகளை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள் இருந்தது. எங்களுக்குள் மூண்ட வாக்குவாதம் இருந்தது. ஆனால் இரவில் கதவைத் தாழிட்டுவிட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று உள்ளங்கையால் ஒருமுறை தள்ளிப் பார்ப்பார். பிறகு விளக்கை அணைக்கும்போது தனக்குள் ஏதோ ஒரு வார்த்தை சொல்வார். முப்பது வருடம் காதில் விழுந்த வார்த்தை. அது என்ன என்று இன்று எனக்கு நினைவில்லை. எந்த நோட்டிலும் இல்லை. அந்த இரவுகளெல்லாம் ‘விசேஷம் ஒன்றுமில்லை’ என்ற வரிக்குள் போய்விட்டன.

சரி, உங்கள் கடிதத்துக்கே வருகிறேன். போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். மகனின் சட்டை குட்டையாகிவிட்டதாம். சட்டை எங்கே குட்டையாயிற்று? உங்கள் பிள்ளை வளர்ந்திருக்கிறான். வீட்டில் அதை முதலில் கண்டது நீங்கள், அதுவும் துணி மடிக்கும்போது. அவனுக்கே தெரிந்திருக்காது. எத்தனை முறை கையில் எடுத்து நீவி மடித்திருந்தால் ஒரு சட்டையின் அளவு இப்படி விரலுக்குத் தெரியும்! இதைவிட வேறென்ன நடக்க வேண்டும் ஒரு நாளில்?

இன்றிரவு நேற்றைய தேதியைப் போட்டு அதை மட்டும் எழுதுங்கள். சட்டையின் கை அவன் மணிக்கட்டுக்கு எத்தனை விரற்கடை மேலே நின்றது, கடைசியாக அதை எப்போது போட்டுக்கொண்டான், தனியே எடுத்து வைத்தது யாருக்காவது கொடுக்கவா அல்லது கொடுக்க மனமில்லாமலா? அப்புறம், அந்தச் சட்டை என்ன நிறம்? அதைக் கடிதத்தில் சொல்லவே இல்லையே.