குசினியில் எதற்கு முதலில் பயப்பட வேண்டும்?

கேள்வி: "மட்டக்களப்பில் மாமி வீட்டில் இருக்கிறோம். கையில் நாலு மாதக் குழந்தை. குசினியில் விறகடுப்பும் இருக்கிறது, காஸும் இருக்கிறது. நொன்ஸ்டிக் சட்டி, அலுமினியப் பானை, பிளாஸ்டிக் டப்பா எல்லாமே நஞ்சு என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் வீசிவிட்டுப் புதிதாக வாங்க வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?"

இப்போதைக்கு எதையும் வீச வேண்டாம். உங்கள் கேள்வியில் என்னைப் பதற வைத்தது சட்டி பானை இல்லை, விறகடுப்பும் நாலு மாதக் குழந்தையும் ஒரே வரியில் வந்ததுதான். நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். எங்கள் வீட்டிலும் விறகும் காஸும் இரண்டும்தான். வீடியோ போடுகிறவர்கள் பெரும்பாலும் விறகே நுழையாத குசினியில் நின்று பேசுகிறார்கள். அங்கே சட்டியின் பூச்சு முதல் கவலையாக இருக்கலாம். நம் குசினியில் முதல் கவலை புகை.

விறகுப் புகையை நாம் இரசாயனமாக நினைப்பதே இல்லை. மரம்தானே, அம்மம்மாவும் இதில்தானே சமைத்தா என்று விட்டுவிடுகிறோம். விறகு அரைகுறையாக எரியும்போது காபனோரொட்சைட்டு, பென்சீன், போமல்டிகைட்டு, பென்சோபைரீன் எல்லாம் வருகின்றன. கூடவே நுரையீரலின் அடிமட்டம் வரை இறங்கும் நுண்துகள்கள். வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் உலகம் முழுவதும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 237,000 பேருக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நொன்ஸ்டிக் சட்டிக்கு இப்படி ஒரு கணக்கை யாரும் காட்டியதில்லை.

ஆகவே முதல் வேலைக்குக் காசே தேவையில்லை. அடுப்பு எரியும் நேரத்தில் குழந்தை குசினிக்குள் இருக்கக் கூடாது. இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியோடு கதைப்பது, ஏணையைக் குசினி வாசலில் கட்டுவது இரண்டையும் விட்டுவிடுங்கள். விறகை விடச் சொல்லி மாமியோடு மல்லுக்கு நிற்காதீர்கள். 2022இல் காஸுக்கு வரிசையில் நின்று களைத்த எத்தனையோ வீடுகள் விறகுக்குத் திரும்பின, அவர்களைக் குறை சொல்ல முடியாது. "மாமி, நெல்லு அவிக்கிறது, தண்ணி காய்ச்சுறது மாதிரிப் பெரிய வேலைய வெளியில அடுப்பு மூட்டிச் செய்வம், கறியையும் பிள்ளைக்குரியதையும் நான் காஸில பாக்கிறன்" என்று கேட்டுப் பாருங்கள். புகையில் பாதி முற்றத்துக்குப் போய்விடும்.

அடுத்தது அடுப்பை மூட்டும் முறை. மழைக் காலத்தில் ஈர விறகு பிடிக்காதபோது நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஒரு சொப்பிங் பேக்கை முறுக்கி, நுனியில் தீக்குச்சியைக் காட்டி விறகுக்கு அடியில் செருகுவார்கள். அது உருகி நெருப்புச் சொட்டாக விழும். கறுப்பு நூல் நூலாகக் கரி பறக்கும். ஒரு நிமிடத்தில் விறகு பிடித்துக்கொள்ளும், உடனே சோற்றுப் பானை ஏறும். சொப்பிங் பேக் பெரும்பாலும் பொலித்தீன், அதில் குளோரீன் இல்லை. ஆனால் அந்தக் கறுப்புக் கரியில் புற்றுநோயோடு தொடர்புள்ள பல சேர்வைகள் உண்டு. வயர் உறை, பழைய ரெக்சின், தண்ணீர்க் குழாய்த் துண்டு எரித்தால் இன்னும் மோசம். அவை பிவிசி, குளோரீன் உள்ள பிளாஸ்டிக். எரியும்போது ஐதரசன் குளோரைட்டு வரும், டயொக்சின் என்ற கொடிய நஞ்சும் வரும். பெயின்ட் அடித்த பழைய கதவு யன்னல் பலகையும் அடுப்புக்கு ஆகாது, பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். இதில் பலர் யோசிக்காதது சாம்பல். பிளாஸ்டிக்கும் பெயின்ட் பலகையும் எரிந்த அதே சாம்பலை அள்ளித்தான் சட்டி தேய்க்கிறோம், கீரைப் பாத்திக்கும் போடுகிறோம்.

மூட்டுவதற்கு நம் முற்றத்தில் இல்லாததா? காய்ந்த தென்னோலை, பாளை, பொச்சு, சிரட்டை. மாரி தொடங்குவதற்கு முன், புரட்டாசிக்குள், ஒரு சாக்கு நிறையக் கட்டிக் கூரைக்குக் கீழே வைத்துவிட்டால் மழைக்காலம் முழுக்கச் சொப்பிங் பேக்கைத் தேட வேண்டியதில்லை. விறகையும் மெல்லியதாகப் பிளந்து அப்போதே அடுக்குங்கள். காய்ந்த விறகின் புகைக்கும் ஈர விறகின் புகைக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் கண்ணே சொல்லும். மண்ணெண்ணெய் ஊற்றி மூட்டுவதும் வேண்டாம். வீட்டுக்குள் மண்ணெண்ணெய் எரிப்பதையே தவிர்க்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2014இல் சொல்லிவிட்டது.

மூன்று கல் அடுப்பாக இருந்தால், அனகி என்று விற்கும் இரண்டு வாய் மண் அடுப்பு ஒன்று வாங்குங்கள். 1980களில் இருந்து இலங்கை முழுக்கப் பரவிய அடுப்பு அது. குறைந்த விறகில் வேலை முடியும். புகை வெளியேற, சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். ஒன்று மட்டும் கவனம். கூரை அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் புகைபோக்கிக்காக அதில் ஓட்டை போடவோ அறுக்கவோ வேண்டாம். அப்போது பறக்கும் நாரும் பொல்லாதது. சுவர்ப் பக்கமாகப் போக்குங்கள். காஸ் எரியும்போதும் யன்னல் திறந்திருக்க வேண்டும், அதிலும் நைதரசன் ஈரொட்சைட்டு வரும்.

இனி நீங்கள் கேட்ட சட்டிகள். நொன்ஸ்டிக் பூச்சு சுமார் 260 பாகை செல்சியசுக்கு மேல் சிதையத் தொடங்கும். எண்ணெயோ தண்ணீரோ இல்லாத வெறும் சட்டியைப் பெரிய நெருப்பில் வைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்க்கப் போனால் சில நிமிடங்களில் அந்தச் சூட்டை எட்டிவிடும். அந்த ஆவியில் கூட்டுக் கிளிகள் செத்துப்போகும், மனிதருக்குக் காய்ச்சல் போல வரும். அளவான நெருப்பில் முட்டை பொரிக்க அந்தச் சட்டியால் ஆபத்தில்லை. அந்தப் பூச்சைத் தயாரிக்க முன்பு பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்ற சேர்வைதான் உண்மையான குற்றவாளி. 2019இல், எளிதில் அழியாத நஞ்சுகளைத் தடுக்கும் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள், 2023இல் அது புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. ஆகவே பூச்சு உரிந்த சட்டியை, மிகப் பழைய சட்டியை விட்டுவிடுங்கள். நல்லது பழுதாகும் வரை இருக்கட்டும், அடுத்தது வாங்கும்போது இரும்புத் தாச்சி வாங்குங்கள். விறகடுப்பில் மட்டும் நொன்ஸ்டிக்கை ஒருபோதும் வைக்காதீர்கள், அங்கே சூட்டை அளக்க முடியாது.

அலுமினியச் சட்டியில் சோறு வடிக்கலாம், தண்ணீர் சுட வைக்கலாம். புளியும் உப்பும் சேர்ந்த மீன் ஆணத்தை அதில் காய்ச்சி, இரவு முழுக்க அதிலேயே விட்டு, காலையில் பிட்டுக்குச் சூடாக்குவதுதான் பிழை. அப்படிப் பழகிய சட்டியின் உட்பக்கத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் ஊசியால் குத்தியது போலப் புள்ளி புள்ளியாகக் குழி இருக்கும். அந்த உலோகம் கறியில்தான் கரைந்திருக்கிறது. கழித்த பழைய உலோகச் சாமான்களை உருக்கி வார்த்த மலிவுச் சட்டி என்றால் அதில் ஈயமும் கலந்திருக்க இடமுண்டு. நம் ஊரில் இதற்கு விடை எப்போதும் இருந்திருக்கிறது: புளிக்கறிக்கு மண்சட்டி. பளபளப்புப் பூச்சோ வர்ணமோ இல்லாத சாதாரண மண்சட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

பிளாஸ்டிக்கில் பயப்பட வேண்டியது சூடும் எண்ணெயும் சேரும் இடம். அரிசி, பருப்பு, சீனி போட்டு வைக்கும் டப்பாவைப் பற்றி நித்திரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கடையில் கொதிக்கக் கொதிக்கச் சொதியைப் பொலித்தீன் பையில் கட்டித் தருகிறார்களே, அதை நிறுத்துங்கள். ஒரு தூக்குச்சட்டி கொண்டு போனால் முடிந்தது. பொலித்தீன் லஞ்ச் சீட்டையும் ரெஜிபோம் பெட்டியையும் அரசாங்கமே 2017இல் தடைசெய்தது. வாழையிலை வளவிலேயே நிற்கும்போது நமக்கு அவை எதற்கு? பள்ளிக் கொப்பித் தாளில் சுற்றித் தரும் வடையும் அப்படித்தான், மை எண்ணெயில் ஊறி வடையில் ஏறும்.

குழந்தை தாய்ப்பால் மட்டும் குடித்தால் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். புட்டிப்பால் என்றால், மாவைச் சூடான தண்ணீரில் கரைப்பதைப் பிளாஸ்டிக் போத்தலுக்குள் செய்யாதீர்கள். சுத்தமான எவர்சில்வர் பாத்திரத்தில் அல்லது கண்ணாடியில் கரைத்து, ஆற வைத்து, பிறகு போத்தலில் ஊற்றுங்கள். சூடான தண்ணீரைப் பொலிப்புரொப்பிலீன் போத்தலில் ஊற்றிக் குலுக்கினால் இலட்சக்கணக்கில் நுண்பிளாஸ்டிக் துகள்கள் வருவதை டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள்.

மாமி வீட்டுக்குப் படுவான்கரையில் வயல் இருந்தால் இதைக் கவனமாக வாசியுங்கள். பெரும்போகத்தில் பல வீடுகளில் பூச்சி மருந்துப் போத்தல் குசினிச் சுவர்த்தட்டில்தான் ஏறி நிற்கும், தேங்காயெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில். தெளிக்கும் டாங்கி மூலையில் கிடக்கும். அளந்து ஊற்றிய சுண்டு மூடியைக் கழுவிக் குசினிக்கே எடுத்துவிடுவார்கள். மருந்து வீட்டுக்கு வெளியே பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும், வெறும் போத்தலை ஓட்டையாக்கிவிட வேண்டும். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வைப்பதையும் இன்றே மாற்றுங்கள். இன்னும் சில மாதங்களில் உங்கள் பிள்ளை தவழும், பிறகு எட்டி எடுக்கும். எந்தப் பிள்ளையாவது மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கழுவும் சாமான்களில் ஒரு விதி போதும்: ஒன்றோடு ஒன்றைக் கலக்காதீர்கள். ஆய்வுகூடத்தில் குளோரீன் வாயு தயாரிக்க நாங்கள் பிளீச்சிங் பவுடரில் ஐதரோகுளோரிக் அமிலம் விடுவோம். மலசலகூடம் கழுவும் அசிட்டையும் பிளீச்சையும் ஒன்றாக ஊற்றினால் உங்கள் வீட்டில் நடப்பதும் அதே தாக்கம்தான்.

சாப்பாட்டில் இரண்டைச் சொல்கிறேன். மஞ்சளைத் தூளாக வாங்காமல் கிழங்காக வாங்கி மில்லில் அரைத்தெடுங்கள். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் 2020இல் இங்கே மஞ்சளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கலப்படத் தூள் எப்படிப் புகுந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பங்களாதேஷில் நிறத்துக்காக மஞ்சளில் ஈயக் குரோமேற்று சேர்த்ததை 2019இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கிழங்கே கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக மினுங்கினால் அதையும் விடுங்கள். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. மற்றது, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறா கொடுக்கும் நம் வழக்கம். சின்னப் பால்சுறா எப்போதாவது என்றால் பரவாயில்லை. பெரிய சுறாவின் துண்டு வேண்டாம், மீன் பெருத்து வயதாக ஆக உடலில் பாதரசம் சேரும், அது தாய்ப்பாலுக்கும் போகும். சூடை, கீரி, கூனி நிறையச் சாப்பிடுங்கள்.

கடைசியில் எழுதுகிறேனே தவிர, குழந்தைக்குப் புகைக்கு அடுத்தது தண்ணீர்தான். வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணலில் தோண்டிய கிணறுகளுக்கு மலசலகூடக் குழியில் இருந்தும் தோட்டத்துப் பசளையில் இருந்தும் நைத்திரேற்று சுலபமாக வந்து சேரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்தால் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம். உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீர் உங்கள் ஒழுங்கைக்கு வந்திருந்தால் பால்மா கரைக்க அதையே கொதிக்க வைத்து எடுங்கள். கிணறுதான் என்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு நைத்திரேற்றுச் சோதனைக்குத் தண்ணீர் கொடுங்கள். கிருமிச் சோதனை மட்டும் போதாது என்று சொல்லியே கொடுங்கள். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும், பக்கத்து வளவுக் குழிக்கும் எத்தனை அடி தூரம் என்று அளந்து இங்கே எழுதினால், முடிவு வரும்வரை என்ன செய்யலாம் என்று சேர்த்து யோசிப்போம்.