பஞ்சாயத்துத் தேர்தலுக்காகக் கடையைச் சாத்தலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம், வயது 34. பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன், கட்சியில் கிளை அளவில் ஒரு பொறுப்பு. எல்லாத் தேர்தலுக்கும் வேலை பார்ப்பேன், ஆனால் உள்ளாட்சித் தேர்தல் வந்தால் எனக்குச் சோறு தண்ணி தெரியாது, அதில் அவ்வளவு நம்பிக்கை. 2019-ல் நாங்கள் வேலை பார்த்த தலைவர் வேட்பாளர் தோற்றுவிட்டார், எனக்குக் கடன்தான் மிச்சம். "எம்.எல்.ஏ எலெக்‌ஷன்னா பேட்டாவாவது வருது, இதுக்கு ஏன் கடையைச் சாத்திட்டு அலையுறீங்க?" என்கிறாள் மனைவி. சாயங்காலம் வாலிபால், ஞாயிற்றுக்கிழமை கண்மாயில் தூண்டில், இவை இரண்டும்தான் எனக்குப் பொழுதுபோக்கு. அந்தத் தேர்தலோடு வாலிபால் டீமும் இரண்டாக உடைந்துவிட்டது. அடுத்த தேர்தலில் இறங்கலாமா, வேண்டாமா?

பதில்: இறங்குங்கள் தம்பி. ஆனால் போன தடவை இறங்கிய மாதிரி வேண்டாம்.

முதலில் வீட்டுக் கணக்கு. உங்கள் மனைவி கேட்டது காசைப் பற்றி, நீங்கள் அதை உங்கள் நம்பிக்கை மேல் விழுந்த அடியாக எடுத்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். 2019 டிசம்பர் 9-ல் மனுத்தாக்கல் தொடங்கியது, 27-லும் 30-லும் வாக்குப்பதிவு, ஜனவரி 2-ல் எண்ணிக்கை. இத்தனை நாளும் ஸ்பேனரைத் தொடாமல் இருந்தால் எந்த மெக்கானிக் கடை தாங்கும்? கடன் எப்படி வந்தது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் பெட்ரோல், டீ, கூட வந்த பையன்களுக்குப் பரோட்டா என்று உங்கள் பையிலிருந்துதான் போயிருக்கும். வேட்பாளர் ஜெயித்தால் கேட்கக் கூச்சம், தோற்றால் கேட்கவே வாய் வராது. அதனால் இந்தத் தடவை உழைப்பு மட்டும் உங்களுடையது, ஒரு ரூபாய்கூடக் கைக்காசு கிடையாது என்று மனு போடும் முன்பே வேட்பாளரிடம் சொல்லிவிடுங்கள். கடையைச் சாத்தவும் தேவையில்லை. கிராமத்தில் பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டினால் யார் இருக்கிறார்கள்? பாதிப் பேர் வயலில், மீதிப் பேர் நூறு நாள் வேலையில். விடியற்காலையும் அந்தி சாய்ந்த பிறகும்தான் ஆள் கிடைக்கும், நடுவில் கடை திறந்திருக்கட்டும்.

இப்போது நம்பிக்கைக்கு வருகிறேன். அதில் நீங்கள் சொல்வது சரி, உங்கள் வீட்டிலும் அதைத் தைரியமாகச் சொல்லலாம். சட்டமன்றத் தொகுதியில் ஓட்டு லட்சக்கணக்கில், அதில் நீங்கள் ராப்பகலாக அலைந்து சேர்த்த இருபது ஓட்டு எங்கே போனது என்றே தெரியாது. ஊராட்சி வார்டில் இருப்பதோ சில நூறு ஓட்டு. திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் பஸ் ஏறி வந்ததா இல்லையா என்பதில் முடிவே மாறும், சமமாக வந்து குலுக்கல் போட்டு ஜெயித்தவர்களும் உண்டு. அப்புறம் ஒரே ஆளுக்கு நாலு வாக்குச்சீட்டு, அந்த வேலை இருக்கிறதே! வார்டு உறுப்பினருக்கு வெள்ளை (சில இடங்களில் நீலம்), தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டில் கட்சிச் சின்னமே கிடையாது, பூட்டு சாவி, ஆட்டோ என்று ஏதோ ஒன்று வரும். எழுபது வயது அப்பத்தாவிடம் திண்ணையில் உட்கார்ந்து எந்தக் கலரில் எந்தச் சின்னம் என்று குழப்பாமல் சொல்லிக்கொடுப்பது டிவி விளம்பரத்தால் ஆகிற காரியமா? எம்.எல்.ஏ தேர்தலில் உங்களை மாதிரி ஆயிரம் பேர் இருப்பார்கள், இதில் நீங்கள் இல்லையென்றால் அந்தத் தெருவுக்கு ஆளே இல்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கடிதம் முழுக்கத் தலைவர் பதவிதான் இருக்கிறது, வார்டு பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஊராட்சியில் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும், அந்தத் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். தலைவர் ஜெயித்தும் உறுப்பினர்கள் எதிர்ப் பக்கம் இருந்ததால் வேலை முடங்கிய ஊர்கள் எத்தனை! எல்லாரும் தலைவர் வேட்பாளருக்குப் பின்னால் ஓடும்போது வார்டுக்கு நிற்பவர் தன் போஸ்டரைத் தானே ஒட்டிக்கொண்டிருப்பார். அடுத்த தடவை அங்கே போங்கள், உங்கள் உழைப்புக்கு அங்கேதான் மதிப்பு.

ஓட்டுக்குக் காசு கொடுக்கிற வேலையைத் தயவுசெய்து தொடாதீர்கள். குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், தெருவில் நம்பிக்கையான பையன் என்று கவரை உங்கள் கையில்தான் திணிப்பார்கள், விடிந்ததும் 'அவன் பாதியை அமுக்கிட்டான்' என்று அதே தெருவே பேசும். பதவியை ஏலம் விடுகிற கூட்டம் கூடினால் அந்தப் பக்கமே தலை வைக்காதீர்கள். தேர்தல் மேல் நம்பிக்கை இருக்கிறவனுக்கு அங்கே என்ன வேலை?

வாலிபாலுக்கு வருவோம். உங்கள் டீமை உடைத்தது எதிர்க்கட்சிக்காரன் இல்லை என்று பந்தயம் கட்டுகிறேன். கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல், ஒரே கட்சியில் இருக்கிற இரண்டு பேர் தலைவருக்கு நிற்பார்கள், ஒருவர் இவனுக்கு மாமா, இன்னொருவர் அவனுக்குப் பெரியப்பா. நெட்டும் பந்தும் வேட்பாளர் வாங்கிக் கொடுத்ததா? நெஞ்சில் அவர் படம் போட்ட டீ-ஷர்ட்டும் வந்ததா? அப்படியானால் ஆட்டம் அன்றைக்கே பிரசாரமாகிவிட்டது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் புது நெட் வாங்குங்கள், அடுத்த தேர்தலில் யார் பந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். எதிர்ப் பக்கம் போனவன் வீட்டுக்கு நீங்களே போய், தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "ஆள் குறையுது, அஞ்சு மணிக்கு வா" என்று மட்டும் கூப்பிடுங்கள். ஜெயித்த பக்கத்துக்காரன் முதலில் வருவான் என்று காத்திருந்தால் தரையில் புல் முளைத்துவிடும். தூண்டிலைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை, அதை விட்டுவிடாதீர்கள், போனை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. இந்தத் தேர்தல் நாம் நினைத்த நேரத்தில் வராது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டியதை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது, 2019 டிசம்பரில் தேர்தல் நடக்கும் வரை அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. அப்போது ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர். தேதி அறிவிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தால் உங்கள் நம்பிக்கைக்கு வேலையே இருக்காது. கிராம சபைக்குப் பழைய நாலு நாளோடு மார்ச் 22, நவம்பர் 1 என்று 2022-லிருந்து இரண்டு நாளைச் சேர்த்திருக்கிறார்கள். போய் வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாக்காளர் பட்டியல் திருத்தம் வரும்போது தெருவில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். இதற்குக் கடையைச் சாத்த வேண்டாம், கடனும் வராது.

கடைசியாக, வார்டுக்கு நீங்களே ஏன் நிற்கக் கூடாது? 2019-ல் வார்டுக்கு டெபாசிட் 200 ரூபாய்தான். பாதி இடங்கள் பெண்களுக்கு என்பதால் உங்கள் வார்டு பெண்கள் வார்டாக வந்துவிட்டால் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள், காசு எங்கே போகிறது என்று கேட்கத் தெரிந்தவர் அந்த மன்றத்துக்கு நல்ல உறுப்பினராக இருப்பார். அவர் சம்மதித்து ஜெயித்தால் கூட்டத்துக்கு அவரே போகட்டும், கையெழுத்தும் அவரே போடட்டும். நீங்கள் பின்னாலேயே போய் நிற்காமல் கடையைப் பாருங்கள்.