கியர் மாறும்போது உதறும் கார்
கேள்வி: தோட்டச் சாலையில் நாள்தோறும் ஓடும், தானாகக் கியர் மாறும் என் ஆட்டோ கார், சூடான பிறகு இரண்டாம் கியருக்கு மாறும்போது உதறுகிறது. கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அவசரப்பட்டுக் கழற்ற விடாதீர்கள், ஐயா. முதலில் கியர் எண்ணெயைக் கையேடு சொல்லும் முறைப்படி சோதிக்கச் சொல்லுங்கள். அது கறுத்து, தீய்ந்த வாடை வீசினால் உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கக்கூடும். அளவு மட்டும் குறைந்திருந்தால் கசிவை அடைத்து, கையேட்டில் குறித்த வகை எண்ணெயையே ஊற்ற வேண்டும், வேறு எதுவும் கூடாது. எண்ணெய் நன்றாக இருந்தும் உதறினால், கணினிக் கருவியால் பிழைக் குறியீடுகளைப் படிக்கச் செய்யுங்கள். எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டு வால்வு சிக்கினாலும் இதே உதறல் வரும். ரிவர்ஸ் போடும்போதும் தடக்கென்று இடித்தால், இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர்கள் கிழிந்துள்ளனவா என்று பாருங்கள். அவற்றை மாற்றும் செலவு கியர்பாக்ஸ் விலையை விட மிகக் குறைவு.